அறுபத்தொன்றாவது கிலோமீட்டர் புண்ணியவான்

"இன்னொரு தடவை என்னை ரயில் பாக்கக் கூப்பிடணும்னா, முதல்ல அந்த இடத்துல நிழல் இருக்கணும்" என்றாள் எதெல்மிரா.

"சரி."

"சாஞ்சு உக்கார பெஞ்சு இருக்கணும். கல்லு இல்ல. பெஞ்சு."

"சரி."

"தண்ணி வேணும். ஒரு பாட்டில் இல்ல, தலையில ஊத்திக்கற அளவுக்கு. அப்புறம், வாயத் தொறந்து பேச ஒரு மனுஷ ஜென்மம். நீ கேமராவுக்குள்ள தலைய விட்டுட்டேன்னா எனக்கு உன் முதுகுதானே மிச்சம்?"

"சரி. அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு. அந்த ரயில் நம்மளக் கண்டுக்கணும். அஞ்சு மணி நேரம் வெயில்ல கிடந்தோம். வந்துச்சு, யாரோ எவரோன்னு போயிருச்சு. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட வாசல்ல ஒருத்தர் 'வாங்க'ன்னு சொல்ல மாட்டாங்களா? இதெல்லாம் இருக்கற இடமாக் கண்டுபுடி. அப்புறம் கூப்பிடு, வரேன்."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், சொந்த ஊரான அந்தோஃபகாஸ்தாவுக்குத் திரும்பும் பஸ்ஸில், மூக்கு தக்காளியாய்ச் சிவந்து தோலுரிந்திருந்த எதெல்மிரா சொன்னது இது. வேறு புருஷனாக இருந்தால் சிரித்துவிட்டு, இறங்கினதும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கதையை முடித்திருப்பான். ரிகோபெர்த்தோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, அதன்படியே செய்து கொடுத்துப் பழகியவர். பையிலிருந்து பவர் எழுதும் சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஐந்து நிபந்தனைகளையும் குறித்துக்கொண்டார். அப்படி ஒரு இடம் கிடைக்கும்வரை இனி அவளைக் கூப்பிடுவதில்லை என்றும் அந்த பஸ்ஸிலேயே தீர்மானம் செய்துவிட்டார்.

அதன் பிறகு சனிக்கிழமை அவருக்கு ரயில், புதன்கிழமை அவளுக்கு மாதா கோயில் பாட்டுக் குழு என்று வீடு ஒரு ஒழுங்குக்கு வந்தது.

ஊரைச் சுற்றியிருந்த பாலைவனத்தில் அவர் தேடாத இடம் இல்லை. உப்பு வயல் பக்கம் வெளிச்சம் பிரமாதம், ஆனால் நாய்கள். பாலத்தின் கீழே நிழல் உண்டு, அங்கிருந்து ரயிலின் அடிவயிறு மட்டும்தான் தெரியும். மற்ற இடங்களில் நிழல் என்றால் தந்திக் கம்பத்தின் நிழல்தான். அதில் ஒருவர் நிற்கலாம், அதுவும் பக்கவாட்டில். மழையே பத்து வருஷத்துக்கு ஒருமுறை வழி தவறி வருகிற ஊரில், தலையில் ஊற்றிக்கொள்ளத் தண்ணீருக்கு எங்கே போவது?

பதினோராவது வருஷம் அவர் யோசனையை மாற்றினார். இடம் கிடைக்காவிட்டால் போகிறது, படம் கிடைத்தால் போதும். பார்த்த மாத்திரத்தில் 'ஐயோ, என்னை அங்க கூட்டிட்டுப் போயேன்' என்று எதெல்மிரா தானாகவே சொல்லும்படி ஒரு படம். ஏப்ரலில் முப்பதாவது கல்யாண நாள் வருகிறது. அன்றைக்குச் சட்டம் போட்டு அவள் முன்னால் வைத்துவிட வேண்டும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த இடம்தான் அறுபத்தொன்றாவது கிலோமீட்டர் வளைவு. பின்னால் ஒட்டகத் திமில்போல இரட்டைக் குன்று. மலையிலிருந்து தாமிரத் தகடுகளை ஏற்றிக்கொண்டு சரக்கு ரயில் நாலரை மணிக்கு வளைந்து இறங்கும்போது, வெயில் சாய்வாய் விழுந்து முப்பது வண்டியும் தங்கமாய் மின்னும். ஒரே ஒரு கெடுதல், காற்று. மூன்று மணிக்குக் கடல் பக்கமிருந்து கிளம்பும் அது கேமராவின் மூன்று கால்களையும் ஆட்டி, ரயிலை நான்கு ரயிலாக்கிவிடும்.

ஆகவே கடையில் கிடந்த பழைய அலமாரியை உடைத்து, கேமராவுக்கு ஒரு பெட்டி செய்தார். இடுப்பளவு உயரம். முன்பக்கம் திறப்பு. வெயில் படாமலிருக்க மேலே தகரத்தில் சாய்வுக் கூரை. சூடு ஏறாமலிருக்க வெள்ளைப் பெயிண்ட். தூக்கி வரக் கனமாக இருந்ததால் அங்கேயே மண்ணில் ஊன்றிவிட்டு வந்தார்.

பார்க்கக் குட்டி வீடு மாதிரி அழகாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

சிலியின் வடக்கில் பாதையோரம் ஒரு குட்டி வீடு நின்றால் அது என்னவென்று யாரும் கேட்க மாட்டார்கள். அனிமித்தா. அந்த இடத்தில் அகாலமாய்ச் செத்த ஒருவரின் ஆன்மா குடியிருக்கும் வீடு. வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும். தாகத்தோடு போன உயிராயிற்றே என்று லாரிக்காரர்கள் தண்ணீர் பாட்டில் வைப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரிகோபெர்த்தோ போனபோது, பெட்டியின் முன்னால் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பூவும் இருந்தன.

"இது என்ன கூத்து?" என்று சொல்லிக்கொண்டே அவற்றை எடுத்து ஓரமாக வைத்தார். உடனே கீழே சாலையில் ஒரு தண்ணீர் லாரி கிரீச்சென்று நின்றது. கதவு திறந்து, தொந்தியும் தொப்பியுமாய் ஒரு ஆள் குதித்து ஓடி வந்தான்.

"பெரியவரே! செத்தவங்க தண்ணியில கை வைக்கறீங்களே, நீங்க நல்லாருப்பீங்களா?"

"தம்பி, இங்க யாரும் சாகல. இது என் கேமராப் பெட்டி."

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க."

"நான் ரயிலைப் படம் எடுக்க..."

"வைங்கன்னேன்ல!"

வைத்தார். வந்தவன் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் தன் முதுகுவலியைப் பற்றிப் பேசினான். அமாதோர் என்று பெயர். சுரங்க முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவன். அவன் பேச்சை முடித்துக் கிளம்பும்போது ரயிலின் கடைசி வண்டி வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் டீயும் ரொட்டியுமாய் உட்கார்ந்தபோது எதெல்மிரா கேட்டாள், "படம் எப்படி?"

"கடைசி வண்டியோட பின்பக்கம் நல்லா விழுந்திருக்கு."

"அதுக்கும் ஒரு அழகு உண்டு, கிழவா" என்று சொல்லி, ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தை மசித்துத் தடவி நீட்டினாள்.

அடுத்த வாரம் அவர் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்: *இங்கே யாரும் இறக்கவில்லை.*

அதற்கு அடுத்த வாரம் நாற்பது பாட்டில்கள். மெழுகுவர்த்திகள். அட்டைக்குக் கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: *உண்மைதான். எங்கள் நெஞ்சில் இன்னும் வாழ்கிறீர்கள்.*

"மேல இருக்கறது பெத்தவ எழுதினது, பாவம்" என்றான் அமாதோர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புள்ள போனதை இன்னும் மனசு ஒத்துக்கல."

பொத்தாம்பொதுவாக எழுதியதுதான் தப்பு என்று ரிகோபெர்த்தோவுக்குப் பட்டது. கண்ணாடிக் கடையில் எந்தப் பெட்டியானாலும் சொந்தக்காரர் பெயர் இருக்கும். ஆகவே அட்டையைக் கிழித்துவிட்டு, பெட்டியின் நெற்றியிலேயே கறுப்புப் பெயிண்டில் எழுதினார்: *இது ரிகோபெர்த்தோவின் பெட்டி. ரயிலைப் படம் எடுப்பதற்காக வைத்தது.*

ஆன்மாவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. எப்படிச் செத்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கூரையின் மேல் ஒரு சிலுவை முளைத்திருந்தது. பொம்மை ரயில்கள், பழைய கேமரா ஒன்று, *தோன் ரிகோபெர்த்தோ, என் மகன் பரீட்சையில் தேறினான், நன்றி* என்று மரியாதைக்குத் 'தோன்' போட்டு ஒரு பலகை. அதைப் படித்து முடிப்பதற்குள் ரயில் வந்தது. வழக்கம்போலப் பாய்ந்து வராமல், சவ ஊர்வலம்போல ஊர்ந்து வந்தது. எஞ்சினிலிருந்து டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, தொப்பியை நெஞ்சில் வைத்து, மூன்று முறை நீளமாய் விசில் கொடுத்தார். பிரேக் புழுதி எழுந்து ரயிலையும் குன்றையும் சேர்த்து மூடிவிட்டது. படத்தில் புழுதிக்கு மேலே ஒரு தொப்பி மட்டும் விழுந்தது.

"என்ன மரியாதை பாத்தீங்களா?" என்றான் அமாதோர். இப்போதெல்லாம் அவன் சனிக்கிழமை தவறாமல் அங்கே லாரியை நிறுத்தி, கறி அடைத்த எம்பனாதா ரொட்டியைப் பிய்த்து அவருக்கும் பாதி கொடுத்துவிட்டுத்தான் போவான்.

"அமாதோர், நான் சொல்றதக் கேளு. அந்த ரிகோபெர்த்தோ நான்தான்."

அவன் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தான். "இருக்கட்டும், பெரியவரே. வெயில் அதிகம். கொஞ்சம் தண்ணி குடிங்க."

"என் அடையாள அட்டையக் காட்டவா?"

"உலகத்துல ஒரு ரிகோபெர்த்தோதானா? இவரு வேற. இவரப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். இவரத் தெரிஞ்ச ஒரு அம்மா சொன்னாங்க. தங்கமான மனுஷனாம். என்ன, தூரத்துல இருக்கறது எல்லாம் தெரியுமாம், பக்கத்துல இருக்கறதுதான் கண்ணுக்கே தெரியாதாம்."

"அதுக்குக் கண்ணாடி இருக்கே" என்றார் ரிகோபெர்த்தோ, தொழில் நினைப்பில்.

"போட்டுக்கிட்டாத்தானே? அதான் ரயில் அடிச்சிருச்சு."

பெட்டியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அனிமித்தாவை இடிக்க வடக்கில் பிறந்த யாருக்கும் கை வராது. அது தன் கையாலேயே அறுத்து, ஆணி அடித்த அலமாரிப் பலகையாகவே இருந்தாலும் வராது. போதாக்குறைக்கு, போன வாரத்திலிருந்து அதைத் தாண்டும்போது ரிகோபெர்த்தோவின் கையே அவரைக் கேட்காமல் சிலுவை போட ஆரம்பித்திருந்தது.

சரி, இதை விட்டுவிடுவோம் என்று இருநூறு அடி தள்ளி இன்னொரு பெட்டி வைத்தார். யாருக்கும் குழப்பம் வரக்கூடாதென்று நீலப் பெயிண்ட். பெயர் எழுதவில்லை.

அடுத்த வாரம் அதில் ஒரு வெள்ளைத் துணித் திரையும், அட்டையும் தொங்கின: *ரிகோபெர்த்தோவின் மனைவி. கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காத்திருந்து போய்ச் சேர்ந்தவள்.*

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. எதெல்மிரா அடுப்படியில் பாட்டுக் குழுவின் பாட்டொன்றை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ நல்லாத்தானே இருக்கே?"

"ஏன், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"கேக்கறதுன்னு ஆரம்பிச்சிட்டே, இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

அவர் வாயைத் திறந்தார். ஐந்து நிபந்தனைகள் ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டார்.

"உப்பு எங்க இருக்கு?" என்றார்.

எதெல்மிரா உப்பு ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட, இடித்தாள் என்று சொல்லலாம்.

கல்யாண நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசி இடி விழுந்தது. வெள்ளைப் பெட்டியின் பக்கத்தில் நான்கு கம்பம் நட்டு, லாரிக்குப் போடும் கெட்டித் துணியில் ஒரு பந்தல். அதன் கீழே முதுகு சாய்க்கும் வசதியோடு ஒரு மர பெஞ்சு. பச்சைப் பெயிண்ட், இன்னும் முழுசாகக் காயவில்லை. எங்கேயோ பார்த்த பச்சை என்று ரிகோபெர்த்தோவுக்குத் தோன்றியது. உட்கார்ந்து பார்த்தார், கால்சராயிலும் ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் துல்லியமாகப் பந்தலின் நிழல் விழுந்தது. ரயில் அழுதுகொண்டே ஊர்ந்து போனது. அன்றைக்கு அவர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எங்கே போய் உக்காந்தே?" என்று கேட்டபடி எதெல்மிரா அந்தக் கால்சராயை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. துவைக்கிற சிரமம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கல்யாண நாள் புதன்கிழமை வந்தது. சட்டம் தயார், உள்ளே படம் இல்லை. 'கண் வலி காரணமாக விடுமுறை' என்று கண்ணாடிக் கடையின் கதவில் எழுதி மாட்டிவிட்டு, ரிகோபெர்த்தோ மதிய பஸ் ஏறினார். எதெல்மிரா பாட்டுக் குழுவுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் ஒரே ஒரு படம். புழுதியோ தொப்பியோ, எது விழுந்தாலும் சரி.

வளைவில் ஆள் நடமாட்டம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, லென்ஸைத் துடைக்கப் பைக்குள் கைவிட்டார். துணிக்குப் பதில் பழைய சீட்டு வந்தது. மடிப்பில் கிழிந்து, பதினோரு வருஷ வியர்வையில் மஞ்சளாகியிருந்தது.

முதல் வரியைப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே பந்தல்.

இரண்டாவது வரி. முதுகை மெதுவாகப் பின்னால் சாய்த்தார். சாய்ந்தது.

பாட்டில்களை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. தலையில் ஊற்றிக்கொள்வதென்ன, ஒரு எருமையைக் குளிப்பாட்டலாம். பேச்சுக்கு அமாதோர், நிறுத்தத்தான் ஆள் வேண்டும். ஐந்தாவது வரியில் அவர் விரல் நின்றுவிட்டது. இந்த நாட்டில் வேறு எந்த ரயில் இப்படிக் கண்டுகொள்கிறது?

இரண்டு மாதமாய் எதை விரட்ட அட்டை எழுதினாரோ, பெயிண்ட் அடித்தாரோ, அது அவர் பதினோரு வருஷமாய்த் தேடிய இடம்.

எடுத்துப் பழக்கமில்லாத கூச்சத்தோடு ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தார். பிறகு எழுந்து வெள்ளைப் பெட்டியின் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தோன் ரிகோபெர்த்தோ... கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ராத்திரி டீ குடிக்கறப்ப அவகிட்ட ஒண்ணு கேக்கணும். வாய்ல வர மாட்டேங்குது. உங்களுக்கே தெரியும்..."

"யாருகிட்டப் பேசிட்டிருக்கே?"

திரும்பினார். சரிவில், வைக்கோல் தொப்பியும் துணிப் பையுமாய் எதெல்மிரா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ... பாட்டுக் குழு..."

"மார்க்கெட்ல ஒரே பேச்சு. அறுபத்தொண்ணாவது கிலோமீட்டர்ல ரிகோபெர்த்தோன்னு ஒரு புண்ணியவான் செத்துட்டாராம், கேட்டதெல்லாம் குடுக்கறாராம்னு. கல்யாண நாளும் அதுவுமா ஒரு பூ வச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எதெல்மிரா, நான் சாகல."

"தெரியுது. பட்டன மாத்திப் போட்டிருக்கே."

அவள் நேராகப் போய்ப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிக் கம்பத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள். அந்த ஆணியை ரிகோபெர்த்தோ அதுவரை பார்த்ததே இல்லை.

குன்றுக்குப் பின்னால் விசில் கேட்டது. ரயில் ஊர்ந்து வந்தது. முப்பது வண்டியும் தங்கமாய் மின்னின. டிரைவர் தொப்பியைத் தூக்கினார். எதெல்மிரா, அடுத்த வீட்டுக்காரருக்குக் கையசைப்பதுபோலச் சாவகாசமாய்க் கையசைத்தாள். மூன்று விசில். புழுதி.

ரிகோபெர்த்தோ ஒரு படமும் எடுக்கவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பக்கத்தில் அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போடக்கூடத் தோன்றவில்லை.

புழுதி அடங்கியது. அவர் கையிலிருந்த சீட்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"எதெல்மிரா."

"ம்."

"நிழல் இருக்கு. பெஞ்சு இருக்கு. நான் ஒண்ணும் பண்ணல, எல்லாம் அதுவாவே வந்துச்சு, சத்தியமா. அதனால... வர்ற சனிக்கிழமை..." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "என்கூட ரயில் பாக்க வர்றியா?"

எதெல்மிரா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், சரிவுக்குக் கீழே சாலையில் லாரிக் கதவு அடித்துச் சாத்தும் சத்தமும், பெயிண்ட் டின்கள் இடித்துக்கொள்ளும் சத்தமும், அமாதோரின் குரலும் ஒன்றாக மேலே ஏறி வந்தன:

"எதெல்மிரா அம்மா! உங்க வீட்டுக்காரர் வாயத் தொறந்து கேட்டுட்டாரா, இல்ல இந்த புதன்கிழமையும் பெஞ்சுக்கு நாமதான் பச்சை அடிக்கணுமா?"